டிசம்பர்ல ஸ்கூபாவுக்கு எந்தத் தீவு? மாலைதீவா, அந்தமானா, வேற எங்கயாவதா?

வாவிக்கரைப் பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில இருந்து எழுதுறன். அண்ணன் கட்டார்ல இருந்து டிசம்பர் கடைசியில லீவுல வாறார். ரெண்டு பேருமா ஏதாவது ஒரு தீவுக்குப் போய் ஒரு கிழமை ஸ்கூபா இறங்குவம் எண்டு யோசனை. அவருக்கு ஓப்பன் வோட்டர் எண்ட முதல் கட்ட ஸ்கூபா காட் இரிக்கு. எனக்கு ஒண்டுமில்ல, ஆனா சின்னனில இருந்து வாவியிலயும் கடல்லயும் நீந்தினவன். அண்ணன் மாலைதீவு எண்டுறார். கூட்டாளி ஒருத்தன் அந்தமான் எண்டுறான், இன்னொருத்தன் தாய்லாந்துதான் மலிவு எண்டுறான். யூடியூப் பாத்துப் பாத்து மண்டை குழம்பிப் போச்சு. சம்பளக்காரன், கணக்குப் பாத்துத்தான் செலவழிக்கணும். ஆமையும் பெரிய திருக்கையும் பாக்கணும், அதுதான் ஆசை. இறங்கின ஆக்கள் சொல்லுங்க.

கல்குடா_வெள்ளாப்பு
தம்பி, தீவைக் கேக்க முதல் மாசத்தைக் கேக்கணும். நான் கிழக்குக் கரையில, பாசிக்குடாவில சீசனுக்கு ஆக்களக் கடலுக்குக் கூட்டிப் போறவன். சித்திரை தாண்டினா எங்கட கடல் தெளியும், புரட்டாதி மட்டும் நிக்கும். பிறகு வாடை, அதாவது வடகிழக்கு மழைக்காத்து, தொடங்கினா போட்டை மேல ஏத்தி வச்சிட்டு வேற வேலை பாக்குறதுதான். மழை வெள்ளம் ஆத்து வாயால இறங்கி, கரையோரம் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திரும். டிசம்பர்ல இஞ்ச இறங்கினா உங்கட கையே உங்களுக்குத் தெரியாது.

அதே வாடைதான் மற்ற இடத்தையும் தீர்மானிக்கும். மாலைதீவுக்கு அது மழை குறைஞ்ச காலம், தண்ணி தெளிவு. அந்தமான்லயும் சீசன் தொடங்கியிரிக்கும். தாய்லாந்தில மேற்குப் பக்கம், அதாவது சிமிலன் தீவுகள், ஒக்டோபர் நடுவில திறந்து மே நடுவில பூட்டுவாங்க, அதால டிசம்பர் சரி. ஆனா மலிவு எண்டு எல்லாரும் சொல்ற கோ தாவ் கிழக்குப் பக்கத்துத் தீவு, வருசக் கடைசியில அங்க மழையும் அலையும். மலேசியாவில பெர்ஹெந்தியான், ரெடாங் ரெண்டும் எங்கள மாதிரியே வாடைக்குப் பூட்டுற தீவுகள். கூட்டாளி தாய்லாந்து எண்டு சொன்னா, எந்தப் பக்கம் எண்டு திருப்பிக் கேளுங்க.

அக்கரைப்பற்று_நக்கல்
தீவு தேடுறீங்களா? நாமளே ஒரு தீவிலதான் இரிக்கம், அதுவும் வெப்பமண்டலத் தீவு. கிழக்குப் பூட்டினா மேற்குத் திறக்கும். பஸ்ஸேறிப் போங்க. பாஸ்போட்டும் வேணாம் விசாவும் வேணாம்.

கல்குடா_வெள்ளாப்பு
நக்கலா எழுதினாலும் விசயம் இரிக்கு. நவம்பர் தொடங்கி சித்திரை மட்டும் ஹிக்கடுவ, உனவட்டுன, கற்பிட்டி எல்லாம் சுழியோடுற காலம். கற்பிட்டிக்கு அங்கால பார் றீஃப் 1992இல இருந்து பாதுகாக்கப்பட்ட இடம். ஆனா 1998லயும் 2016லயும் கடல் சூடாகி முருகைக்கல் (பவளப்பாறை) வெளுத்ததில நல்ல அடி விழுந்த இடமும் அதுதான். கொழும்புக்கு வெளிய கடலடியில தாண்டு கிடக்கிற கப்பல்கள் கன இரிக்கு, அதில மெதுஃபரு எண்டது மாலைதீவுச் சரக்குக் கப்பல், 2009இல தாண்டது. சுமார் 30 மீற்றர் ஆழம், அட்வான்ஸ்ட் எண்ட அடுத்த கட்டக் காட் உள்ளாக்களுக்கு. தம்பி கேக்குற ஆமையும் திருக்கையும் எண்டால் மேற்குக் கரையை நான் முதலாவதாச் சொல்லமாட்டன்.

காத்தான்குடி_றியாஸ்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மாலைதீவு ரிசோட்டில கன காலம் வேலை செஞ்சவன், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன், மன்னிச்சுக்கோங்க.

மாலைதீவு எண்டதும் நம்ம ஆக்கள் தண்ணிக்கு மேல கட்டின மர வீட்டைத்தான் நினைக்கிறாங்க. அது ரிசோட் தீவு. நமக்குச் சரிவாற இடம் ஊர்த் தீவு, சனம் குடியிருக்கிற தீவு. 2009க்குப் பிறகு அங்கயும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த விட்டாங்க. விலை வித்தியாசம் மலையும் மடுவும். சோறும் மீன் கறியும் ரொட்டியும் கிடைக்கும், மாசிச் சம்பல் நம்ம நாக்குக்கு அன்னியமில்ல. எல்லாம் ஹலால். ஊர்த் தீவில குடி கிடையாது, பையில கொண்டு போனா எயாப்போட்டிலயே எடுத்து வச்சிருவாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எல்லாம் பூட்டு, அண்டைக்குக் காலம போட் இல்லாத தீவுகளும் இரிக்கு.

தம்பிமார் இந்துவா இருந்தா ஒரு விசயம். வணங்குற சிலை கொண்டு போக அங்க சட்டம் விடாது. அம்மா பாசத்தில பையில வச்சு விடுற சின்னப் பிள்ளையாரை வீட்டிலயே வச்சிட்டுப் போங்க.

விசா நம்ம நாட்டுக்காரருக்கு இறங்கின இடத்தில 30 நாள், காசில்ல. திரும்பி வாற டிக்கட்டும் தங்குற இடத்துப் புக்கிங்கும் காட்டணும். பயணத்துக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள ஒன்லைன்ல ஒரு படிவம் நிரப்பணும், அதை மறந்திட்டு கவுண்டர்ல நிண்டு போனைத் தோண்டுற ஆக்கள நிறையப் பாத்திரிக்கன்.

இப்ப மீன் விசயம். பெரிய திருக்கை, அதாவது மண்டா, எந்தப் பக்கம் நிக்கும் எண்டதை நீரோட்டம்தான் சொல்லும். வாடைக் காலத்தில நீர் கிழக்கில இருந்து மேற்க ஓடும். அதால அட்டோலுக்கு, அதாவது வட்டமா நிக்கிற தீவுக் கூட்டத்துக்கு, கிழக்குப் பக்கம் தெளிவு, மேற்குப் பக்கம் பிளாங்டன் எண்ட சின்ன மிதவை உயிர்கள் சேர்ந்து கலங்கல். மண்டா சாப்பாடு தேடி மேற்கத்தான் போகும். சோளகக் காலத்தில, அதாவது தென்மேற்குக் காத்துக்கு, அப்பிடியே தலைகீழ். யூடியூப்ல நூற்றுக்கணக்கில மண்டா சுத்துற வீடியோ காட்டுவாங்களே, அது பா அட்டோல்ல ஹனிஃபாரு குடா. அது மே தொடங்கி நவம்பர் மட்டும்தான், அதுவும் அங்க சிலிண்டரோட இறங்க ஏலாது, சினோகலிங், அதாவது மேல மிதந்து குழாயால மூச்செடுத்துப் பாக்கிறது, மட்டும்தான் விடுவாங்க. டிசம்பர்ல அந்தக் கனவோட போனா ஏமாந்திருவீங்க.

டிசம்பருக்கு நான் சொல்றது தெற்கு ஆரி அட்டோல். திகுரா எண்ட நீட்டுத் தீவு. அந்தப் பக்கம் திமிங்கிலச் சுறா வருசம் முழுக்க நிக்கிற கடல், ஆமைக்கும் குறைவில்ல. மாலேயில இருந்து ஸ்பீட் போட் போகும். அவசரம் எண்டா பக்கத்துத் தீவு மாமிகிலியில உள்நாட்டு விமான நிலையமும் இரிக்கு.

புவமுலா எண்டு ஒரு தனித் தீவு தெற்க இரிக்கு, புலிச் சுறா பாக்குற இடம். வீடியோ பாத்து ஆசைப்படாதீங்க. புதுசா இறங்குற ஆளுக்கு அது இல்ல.

சோளகம்77
றியாஸ் நானா எழுதினது எல்லாம் சரி, ஆனா நீரோட்டத்தின்ட ஆபத்தைப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. மாலைதீவில நல்ல மீன் நிக்கிற இடம் எல்லாம் கந்து, அதாவது அட்டோலுக்கு இடையில கடல் புகுந்து வாற வாய்க்கால். ஓட்டம் பிடிச்சா ஆளைக் கொண்டு போயிரும். முதல் தரம் இறங்குறவன அங்க கொண்டு போய் விடுறது எனக்குச் சரியாப் படேல. காட் எடுக்காமப் போனா, தம்பி ஒரு பக்கம் ஆழமில்லாத இடத்தில பயிற்சி, அண்ணன் இன்னொரு பக்கம் போட்ல. ரெண்டு பேரும் சேர்ந்து போனதுக்கு என்ன அர்த்தம்?

காத்தான்குடி_றியாஸ்
உண்மைதான். அதோட அங்க சட்டப்படி 30 மீற்றருக்குக் கீழ போக ஏலாது, எவ்வளவு பெரிய காட் வச்சிருந்தாலும். ஓட்டம் கூடின இடத்துக்கு நல்ல ஸ்கூபாக் கடைக்காரன் புது ஆளைக் கூட்டிப் போகவும் மாட்டான். கூட்டிப் போறன் எண்டு சொல்றவனிட்ட காசு கட்டாதீங்க.

மெரினா_மட்டக்களப்பான்
சென்னையில படிக்கிறன், ஊர் களுவாஞ்சிக்குடி. அந்தமான் போய் வந்தவன் எண்டபடியா எழுதுறன். சென்னையில இருந்து ரெண்டேகால் மணித்தியாலம் அளவில பறந்தா போர்ட் பிளேர், இப்ப பேர் ஸ்ரீ விஜயபுரம். பிறகு ஹெவ்லொக் தீவுக்கு, புதுப் பேர் சுவராஜ் தீவு, ஃபெரியில ரெண்டு மணித்தியாலம் பக்கம். போர்ட் பிளேர்ல தமிழ் கதைக்கிற சனம் தாராளம், ஒட்டோக்காரரிட்ட தமிழ்லயே பேரம் பேசலாம். ஹெவ்லொக்கில புது ஆளுக்கு ஏத்த ஆழமில்லாத இடமும் இரிக்கு, டிக்சன்ஸ் பினக்கிள், ஜோனிஸ் கோர்ஜ் மாதிரி சீலாவும் பாரையும் கூட்டமா நிக்கிற ஆழமான இடமும் இரிக்கு. எனக்கு அந்தக் காட்டுக் கரையும் பிடிச்சுது, மாலைதீவில மரமே கம்மி.

ஆனா நமக்கு அது வெளிநாடு. இந்திய விசா எடுக்கணும், இறங்கின உடன வெளிநாட்டுக்காரர் பதிவு செய்யணும், எல்லாத் தீவுக்கும் போக விடமாட்டாங்க. சட்டிலைட் போன் கொண்டு போகக் கூடாது. சிப்பி, முருகைக்கல் துண்டு ஒண்டும் எடுத்து வரக் கூடாது. டிசம்பர் தொடக்கத்தில வங்காள விரிகுடாவில புயல் எழும்பினா ஃபெரியை நிப்பாட்டிருவாங்க, தீவுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கணும். மட்டக்களப்பில இருந்து கணக்குப் பாத்தா யாழ்ப்பாணமோ கொழும்போ, பிறகு சென்னை, பிறகு போர்ட் பிளேர், பிறகு ஃபெரி. ஒரு கிழமை லீவில போக்குவரத்துக்கே பாதி போயிரும்.

அக்கரைப்பற்று_நக்கல்
கொழும்பு மாலே ஒண்டரை மணித்தியாலம். மட்டக்களப்பு கட்டுநாயக்க எத்தின மணித்தியாலம் எண்டு ஒருத்தரும் கேக்கல.

பாலித்தீவு_பைத்தியம்
பாலியை ஒருத்தரும் சொல்லேல. அங்க துலம்பென் எண்ட கிராமத்தில கரையில இருந்து நடந்து போயே கப்பல் பாக்கலாம். லிபேட்டி எண்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில ஜப்பான் நீர்மூழ்கி டோர்பிடோ அடிச்சதில கரையில கொண்டு வந்து ஏத்தினாங்க. 1963இல ஆகுங் எரிமலை வெடிச்சப்பதான் அது தண்ணிக்குள்ள சரிஞ்சது. மேல் பகுதி அஞ்சாறு மீற்றர்லயே தொடங்குது, கீழ 30 மட்டும் போகும். போட் காசு இல்ல. டிசம்பர் அங்க மழைக் காலம், இருந்தாலும் அந்தக் கரையில இறங்கலாம்.

வாவிக்கரைப் பொடியன்
எல்லாருக்கும் நன்றி. கப்பல் எண்டதும் அண்ணனுக்கு உடன ஹேர்மிஸ், அதாவது மட்டக்களப்புக்கு வெளிய கடலடியில கிடக்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், ஞாபகம் வந்திட்டு. "ஊருக்கு முன்னால உலகத்துக்கே தெரிஞ்ச கப்பல் கிடக்க பாலிக்கு ஏன் போற?" எண்டு கேக்குறார். அதுக்கு எப்ப இறங்கலாம்?

கல்குடா_வெள்ளாப்பு
அண்ணனுக்கு ஆசை நியாயம், காட் காணாது. ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழ, சுமார் 53ல கிடக்கு. பொழுதுபோக்கா சுழியோடுறதுக்கு எல்லை 40. ஓப்பன் வோட்டர் காட்டுக்கு 18 தான். அதுக்கு டெக்னிக்கல் பயிற்சி வேணும், ஹீலியம் கலந்த வாயு வேணும், மேல வரக்குள்ள இடையில நிண்டு நிண்டு வாறதுக்குப் பொறுமை வேணும். அதோட அது 307 பேர் செத்த இடம். 1942 ஏப்ரல் 9, திருகோணமலையில விமானங்களை இறக்கிட்டு வெறும் கையோட தெற்க ஓடி வந்த கப்பலை ஜப்பான் விமானங்கள் பிடிச்சிட்டு. கூட வந்த வெம்பயர் எண்ட அவுஸ்திரேலியக் கப்பலும் அண்டைக்கே தாண்டது. போறவங்க ஒரு ஆணியைக் கூட எடுத்து வரக் கூடாது.

உங்களுக்கு ஏத்தது அதே நாள் அடிபட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ட எண்ணெய்க் கப்பல். கல்குடாவுக்கு வெளிய சுமார் 24 மீற்றர்ல கிடக்கு. கலவா மீன் நல்லா நிக்கும். அட்வான்ஸ்ட் காட் எடுத்திட்டுப் போனா நிம்மதியாப் பாக்கலாம். ஆனா அதுவும் சீசனுக்குத்தான், டிசம்பர்ல இல்ல.

வாழைச்சேனை_முருகைக்கல்
நான் ஸ்கூபா சுற்றுலாக்காரன் இல்ல. எங்கட ஊர்ல சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டர் கட்டி இறங்கின ஆக்கள் இரிக்காங்க. ஒரு நாளைக்குச் சிலிண்டர் மேல சிலிண்டர், ஆழம் பாக்குறதில்ல, நேரம் பாக்குறதில்ல, மேல ஓடி வாறது. இடுப்புக்குக் கீழ விளங்காமப் போனவங்க எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஒருத்தரும் கோர்ஸ் படிப்பிக்கல. மீன் பாக்கப் போற ஆளுக்குக் கையில ஆழமும் நேரமும் காட்டுற கொம்பியூட்டர், வயித்துக்காக இறங்குறவனுக்கு ஒரு மணிக்கூடும் இல்ல. தீவு எதாயும் இருக்கட்டும், தம்பி கோர்ஸ ஒழுங்காப் படிச்சிட்டுப் போங்க. அவ்வளவுதான்.

அம்பாறை_டொக்டரம்மா
மேல உள்ள சகோதரர் எழுதியதைத்தான் நானும் சொல்ல வந்தேன், கொஞ்சம் மருத்துவமாக.

பத்து மீற்றர் இறங்கும்போதே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அதனால் காது வலி ஆழத்தில் அல்ல, முதல் சில மீற்றர்களிலேயே வரும். வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள், வலிக்க முன்னமே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். சரிவராவிட்டால் கொஞ்சம் மேலே ஏறித் திரும்பச் செய்யுங்கள். தடிமன் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. மாத்திரையின் வேலை கடலுக்குள்ளேயே முடிந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் நிற்கும்.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி ஆபத்து. சின்ன வயதில் இருந்து மூச்சுப் பிடித்து முக்குளித்த பழக்கம். சிலிண்டரில் மூச்சு எடுத்துவிட்டு அதைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம், அதற்கு ஆழமே தேவையில்லை. மூச்சை நிறுத்தாமல் விடுவது, மெதுவாக ஏறுவது, இந்த இரண்டும் உடம்பில் ஊற வேண்டும். இழுப்பு வருத்தம், வலிப்பு, இருதய நோய், சமீபத்தில் செய்த சத்திர சிகிச்சை இருந்தால் கோர்ஸுக்கு முன் தருகிற மருத்துவக் கேள்விப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். கையெழுத்துக்கு என்னிடம் வருகிற பிள்ளைகள் "எல்லாத்துக்கும் இல்லை எண்டு போடுங்க மிஸ்" என்கிறார்கள். போட மாட்டேன்.

திரும்பிப் பறக்கிற விசயம். பல தரம் இறங்கினால் கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணித்தியாலம், நான் ஒரு முழு நாள் என்பேன். ஒரு கிழமைப் பயணம் என்றால் கடைசி நாளைக் கடலுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். விமானம் மட்டும் அல்ல, மலையும் அதே சட்டம். மேற்கே இறங்கிவிட்டு அன்றே நுவரெலியா பார்க்கப் போகிற திட்டத்தைக் கேட்டிருக்கிறேன். அது 1,800 மீற்றருக்கு மேல்.

சுழியோடுகிறவர்களுக்கான காப்புறுதியும் எடுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் ஸ்கூபா சேராது. தீவில் போய் இறங்கியதும் முதல் கேள்வி, சுழியோடுகிறவர்களுக்கு வரும் அழுத்த நோய்க்கு வைத்தியம் செய்கிற அழுத்த அறை எங்கே இருக்கிறது என்பது.

வாவிக்கரைப் பொடியன்
டொக்டரம்மா, பெரிய நன்றி. மலை விசயம் தெரியவே தெரியாது, அண்ணன் கண்டி நுவரெலியா எல்லாம் அதே லீவுக்குள்ள போட்டு வச்சிருந்தார். இப்ப நான் கேக்குறது இதுதான்: காட்டை மாலைதீவில போய் எடுக்கிறதா, இஞ்சயே எடுக்கிறதா?

கல்குடா_வெள்ளாப்பு
இப்ப ஆடி மாசம், கடல் திறந்து கிடக்கு. லீவில பறந்து போய் நாளுக்குக் காசு கட்டித் தங்கிற இடத்தில, புத்தகம் வாசிச்சு, சோதனை எழுதி, மாஸ்க்கில தண்ணி விட்டு வெளியேத்திப் பழகுறதில என்ன லாபம்? புத்தகப் பகுதியை வீட்டில இருந்து ஒன்லைன்ல முடிங்க. பிறகு பாசிக்குடாவுக்கு வாங்க. 200 மீற்றர் நீந்தி, பத்து நிமிசம் மிதந்து காட்டணும், உங்களுக்கு அது விளையாட்டு. ஆழமில்லாத தண்ணியில பயிற்சி, பிறகு கடல்ல நாலு இறக்கம். பாசிக்குடாக் குடா கன தூரம் நடந்து போகலாம், அலையும் இல்ல, படிக்க அதை விட இடம் இல்ல. மீன் குறைவா இருந்தாலும் பரவால்ல, படிக்கிற ஆளுக்கு மீன் கண்ணில படாது, தன்ட மூச்சுத்தான் காதில கேக்கும்.

காட் கையில இருந்தா டிசம்பர்ல ரெண்டு பேரும் ஒரே போட். என்ட கடைக்கு ஆள் பிடிக்கிறன் எண்டு நினைக்காதீங்க, எந்தக் கடையில படிச்சாலும் சரி. ஒரு ஆசிரியருக்கு எத்தின பேர், சாமான் எப்ப சேர்விஸ் பண்ணினது, போட்ல ஒட்சிசன் இரிக்கா, இந்த மூண்டையும் கேளுங்க. முகம் சுளிச்சா அடுத்த கடை.

சோளகம்77
இதோட நானும் சரி. இன்னும் ஒண்டு: அண்ணன் கடைசியா எப்ப இறங்கினவர் எண்டு கேளுங்க. கன நாளாச்சு எண்டா முதல் நாள் அவருக்கும் ஒரு மீள்பயிற்சி இறக்கம் வேணும். காட் உள்ளவன்தான் கூடப் பயமில்லாம இருந்து பிழை விடுறது.

மெரினா_மட்டக்களப்பான்
அந்தமானை விட்டிட்டீங்களா? சரி, மாலைதீவு எண்டா நத்தாரும் புது வருசமும் தவிர்த்துப் போடுங்க. அந்தக் கிழமை விலை ஏறும். தை முதல் வாரம் தாண்டினா இறங்கும், கடலும் இன்னும் தெளியும்.

காத்தான்குடி_றியாஸ்
அதோட விலை கேக்கக்குள்ள ஒரு இறக்கத்துக்கு எவ்வளவு எண்டு மட்டும் கேக்காதீங்க. சாமான் வாடகை சேர்ந்ததா, போட் காசு தனியா, வரி சேர்ந்ததா, மாலேயில இருந்து தீவுக்கு ஸ்பீட் போட் போகவர எவ்வளவு, எல்லாத்தையும் எழுத்தில வாங்குங்க. தங்குறதுக்கு ஒரு ராவைக்கு இவ்வளவு எண்டு பச்சை வரியும் வரும். மலிவு எண்டு தெரியுற கடை கடைசிக் கணக்கில மலிவா இரிக்காது.

வாவிக்கரைப் பொடியன்
அண்ணனோட கதைச்சாச்சு. அவர் லீவைத் தைக்கு மாத்தப் பாக்குறன் எண்டார். ஆவணியில நான் பாசிக்குடாவில காட் எடுக்கிறன். தைப்பொங்கல் வீட்டில, அடுத்த நாள் ராவு கொழும்பு பஸ், திகுரா. கண்டி நுவரெலியாவை முன்னுக்குப் போட்டாச்சு, கடல் பிறகு. ஹேர்மிஸை அவர் இன்னும் விடேல, பிரிட்டிஷ் சார்ஜன்ட்டுக்கு அடுத்த வைகாசியில திரும்ப லீவு கேக்கப் போறாராம்.

இன்னொரு கேள்வி. எனக்குக் கண்ணாடி, கிட்டப் பார்வை. மாஸ்க்குக்குள்ள என்ன செய்யுற?

கல்குடா_வெள்ளாப்பு
பவர் உள்ள கண்ணாடி மாத்திப் போடக்கூடிய மாஸ்க் விக்குது. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா இருக்கிற மாதிரியைப் பாத்து வாங்குங்க, ஒரே துண்டுக் கண்ணாடி மாஸ்க்குக்குப் பவர் மாத்த ஏலாது. தண்ணிக்குள்ள எல்லாம் கொஞ்சம் பெரிசாவும் கிட்டவும் தெரியும், அதால பவர் குறைவெண்டா சும்மாவே சமாளிக்கலாம். வாங்க முதல் வாரை மாட்டாம முகத்தில வச்சு மூக்கால மூச்சை உள்ள இழுங்க, கையை விட்டாலும் விழாம நிண்டா அதுதான் உங்கட அளவு. தாடி, மீசை வச்சிருந்தா மாஸ்க்குக்குள்ள தண்ணி கசியலாம், கடைக்குப் போக முன்னமே ஒரு முடிவு எடுங்க.

அக்கரைப்பற்று_நக்கல்
மீசைக்காரர் எல்லாம் இனி அருகம்பைக்கு சேர்ஃபிங் போங்க.